தேய்க்கக் கூடாது

எங்கள் கோச்சிடம் எதைச் சொன்னாலும் ஒரே பதில்தான் வரும்: "மூச்சை விடுங்க." கால் இழுத்துக்கொண்டது என்றால் மூச்சை விடுங்க. பயமாக இருக்கிறது என்றால் மூச்சை விடுங்க. எங்களில் ஒருத்தி காலையிலேயே மாமியாரோடு வாக்குவாதம் என்று மூக்கைச் சிந்தியபோதும் அதையேதான் சொன்னாள்.

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற மூடிய நீச்சல் குளத்தில் காலை ஆறிலிருந்து ஏழு வரை பெண்களுக்கான நேரம். நாங்கள் ஒன்பது பேர். நாற்பது வயதுக்குக் கீழே ஒருத்தியும் இல்லை. மூட்டு தேய்ந்தது, முதுகு பிடித்தது, டாக்டர் நீந்தச் சொன்னார் என்று வந்து சேர்ந்தவர்கள். நான் ரயிலில் டிக்கெட் பரிசோதகர். இருபத்தெட்டு வருஷ சர்வீஸ். ஓடுகிற ரயிலில் கம்பியைப் பிடிக்காமல் நடப்பேன். இடுப்பளவு தண்ணீரில் நிற்கச் சொன்னால் கைப்பிடியை விடமாட்டேன். எனக்குப் பக்கத்தில் நிற்பவளுக்கு 'மிதவை' என்று பெயர் வைத்திருந்தோம். அவள் என்ன செய்தாலும் மூழ்கமாட்டாள், ஆனால் முகத்தை மட்டும் தண்ணீருக்குள் விடமாட்டாள். சர்க்கரை வியாதிக்காரி. தினமும் தனக்குத் தானே ஊசி போட்டுக்கொண்டு, அதைப் பல் தேய்ப்பதைப் பற்றிச் சொல்வது போலச் சொல்வாள்.

இந்த ஒன்பது பேரையும் மேய்ப்பவள் முப்பத்திரண்டு வயசுப் பெண். குள்ளம். குரல் மட்டும் கூரையில் முட்டித் திரும்பி வரும். வயதில் என்னைவிட இருபது வருஷம் சின்னவள். வெளியே பார்த்தால் பிள்ளை மாதிரி. குளத்துக்குள் இறங்கிவிட்டால் நாங்கள் அவளைக் கூப்பிடுவது 'வாங்க, போங்க'தான். முதல் மாதம் முழுக்க என் முதுகுக்குக் கீழே அவள் கை இருந்தது. இரண்டாவது மாதம் ஒருநாள் கை இருக்கிறது என்ற நம்பிக்கையில் நான் மிதந்துகொண்டிருந்தபோது, அவள் குளத்தின் அந்தக் கோடியில் வேறு ஒருத்தியைத் திட்டிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை. பணிக்குப் போய், டிக்கெட் எடுக்காத இரண்டு பேரை எச்சரித்து விட்டுவிட்டேன்.

அப்படிப்பட்டவளிடம் ஒரு மாற்றம் தெரிய ஆரம்பித்தது. பலகையிலிருந்து குதித்துக் காட்டுவதை நிறுத்திவிட்டாள். ஏணி வழியாக, ஒவ்வொரு படியாக இறங்கினாள். தினமும் அவளை ஸ்கூட்டரில் கொண்டுவந்து விடும் புருஷன், முன்பெல்லாம் வாசலோடு திரும்பிவிடுவான். இப்போது ஏழு மணிக்குத் திரும்ப வந்து, தாழ்வாரத்தில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான். ஏழே காலுக்குச் சரியாக ஊழியர் அறைக்குள் போவான். கதவு சாத்தப்படும். ஐந்து நிமிஷம் கழித்து அவன் தலையைக் குனிந்துகொண்டு வெளியேறுவான். அதற்குப் பிறகு அவள் வருவாள், கண் சிவந்திருக்கும்.

பார்த்ததும் ஆளை எடை போடுவதுதான் என் பிழைப்பு. கழிவறைக்குள் ஒளிந்தவனையும், தூங்குவதுபோல் நடிப்பவனையும் எத்தனை பேரைக் கையும் களவுமாகப் பிடித்திருக்கிறேன். என் மனதில் ஒரு சந்தேகம் விழுந்தது. அது விழுந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, உடை மாற்றும் அறையில் தாழ் சரியாக விழாத கதவைத் தெரியாமல் தள்ளிவிட்டேன். உள்ளே கோச் சட்டையைத் தலைக்கு மேலே தூக்கியபடி நின்றிருந்தாள். வயிற்றின் இரண்டு பக்கமும் கன்றிப்போயிருந்தது. சில நாணய அளவு, சில உள்ளங்கை அகலம். புதுசு கருநீலமாக, பழசு மஞ்சளாக, நடுவில் பச்சை. அவள் சட்டென்று சட்டையை இழுத்துவிட்டு, "தட்டிட்டு வரக்கூடாதாக்கா?" என்றாள். நான் மன்னிப்புக் கேட்டுக் கதவைச் சாத்தினேன்.

மிதவையிடம் சொன்னேன். அவள் முகம் வெளுத்துவிட்டது. ஏழு பேரிடமும் சொல்ல வேண்டியதாயிற்று. போலீசுக்குப் போகலாம் என்றாள் ஒருத்தி. முதலில் அவளிடமே கேட்போம் என்றாள் இன்னொருத்தி. கேட்டால் மறைத்துவிடுவாள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று நான்தான் முந்திக்கொண்டேன்.

மறுநாள் ஏழு மணி பத்து நிமிஷத்துக்கு, ஈரத் தலையோடு, துண்டைப் போர்த்திக்கொண்டு ஊழியர் அறை வாசலை மறித்து நின்றேன். எனக்குப் பின்னால் எட்டுப் பேர். அவன் தோளில் தொங்கிய சிறிய பையோடு வந்தான். ஒல்லியான ஆள். லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனியின் நீலச் சட்டை. நகக்கண்ணில் கிரீஸ் ஏறியிருந்தாலும் கையை முழங்கை வரை தேய்த்துக் கழுவியிருந்தான்.

"பையில என்ன?" என்றேன்.

அவன் எங்களை ஒருமுறை பார்த்தான். கோபப்படவில்லை. பையைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினான், சரியான டிக்கெட்டை வைத்திருப்பவர்கள் காட்டுவதைப் போல, அவசரமே இல்லாமல். மருந்து நிரப்பிய ஊசி ஒன்று. பஞ்சு. ஸ்பிரிட் பாட்டில். பயன்படுத்திய ஊசிகளைப் போடுகிற மஞ்சள் டப்பா.

"ஏழே காலுக்குப் போடணுங்க," என்றான். "இன்னும் மூணு நிமிஷம்தான் இருக்கு. போட்டுட்டு வந்து நின்னுக்கறேன், என்ன வேணா கேளுங்க."

கதவு திறந்தது. கோச் எங்களைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள், அவன் முகத்தைப் பார்த்தாள். அவளுக்குப் புரிய அதிக நேரம் ஆகவில்லை. முதலில் சிரித்தாள். பிறகு அந்தச் சிரிப்பு அப்படியே நின்றுபோயிற்று.

"இவரைப் பத்தியா அப்படி நினைச்சீங்க?" என்றாள். அவள் கோபப்பட்டு நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். பூமி பிளந்து என்னை உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலை என்றிருந்தது.

ஊசி போட்ட பிறகு எங்களை உள்ளே கூப்பிட்டாள். மிதவைப் பலகைகள் அடுக்கிய அந்தச் சின்ன அறையில் ஒன்பது பேரும் நெருக்கி நின்றோம். மறைப்பதற்கு இனி ஒன்றும் இல்லை என்று நினைத்தாளோ என்னவோ, எல்லாவற்றையும் சொன்னாள்.

இரண்டு முறை அவளுக்குக் கரு தங்கியிருக்கிறது. முதலாவது பத்தாவது வாரத்தில் கலைந்தது. இரண்டாவது இருபத்தோரு வாரம் வரை வந்து, ஒரு பரிசோதனையில் துடிப்பு இல்லை என்றார்கள். அது முடிந்த பதினைந்தாம் நாள் இடது கெண்டைக்கால் கட்டையாக வீங்கிற்று. காலின் உள்ரத்தக் குழாயில் ரத்தக்கட்டி. அப்போதுதான் ஒரு டாக்டரம்மா மூன்றையும் சேர்த்துப் பார்த்தாராம். ரத்தத்தை எடுத்துச் சோதித்து, பன்னிரண்டு வாரம் விட்டு மறுபடி சோதித்து, நோய்க்குப் பெயர் சொன்னார். ஆன்டிபாஸ்போலிப்பிட் என்று தொடங்கும் அந்தப் பெயரைத் தடுக்காமல் சொல்ல அவளுக்கு இரண்டு வாரம் பிடித்ததாம். சுருக்கமாக, உறைய வேண்டாத இடத்தில் ரத்தம் உறைந்துவிடும். காலில் உறைந்தால் வீக்கம். நஞ்சுக்கொடியில் உறைந்தால் பிள்ளைக்குப் போகிற சாப்பாடு நின்றுவிடும்.

கட்டிக்காக அவள் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அந்த மாத்திரை பிள்ளைக்கு ஆகாது. அதனால் கரு உறுதியான அன்றே ஊசிக்கு மாற்றிவிட்டார்கள். காலை ஏழே கால், மாலை ஏழே கால். இப்போது பதினாலாவது வாரம்.

"ஏன் எங்ககிட்ட சொல்லல?" என்று மிதவை கேட்டாள்.

"போன தடவை எல்லாருக்கும் சொன்னேங்க. அப்புறம் என் சொந்த அக்காவே, நீச்சல் அடிச்சுத்தான் பிள்ளை போச்சுன்னு சொன்னா. டாக்டர் இல்லைன்னு சொன்ன பிறகும் சொன்னா. இந்தத் தடவை நான் யாருக்கும் வாயைத் திறக்கல."

மிதவைதான் மெல்ல அவன் பக்கம் திரும்பி, ஊசியை எடுத்த பிறகு அந்த இடத்தை என்ன செய்கிறீர்கள் என்று கேட்டாள்.

"நல்லாத் தேய்ச்சு விடுவேங்க," என்றான் அவன், பெருமையாக. "அவளுக்கு ஊசின்னாலே பயம். கண்ணுல தண்ணி வந்துடும். வலி தெரியக் கூடாதுன்னு ரெண்டு நிமிஷமாவது தேய்ப்பேன்."

மிதவை, ஊசி வந்த அட்டைப்பெட்டியை அவனிடம் கேட்டு வாங்கி, உள்ளே மடித்து வைத்திருந்த தாளை எடுத்து, மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, எறும்பு ஊர்வது போன்ற எழுத்தில் ஏழாவது வரியைத் தேடிப் பிடித்து வாசித்தாள். ஊசி போட்ட இடத்தைத் தேய்க்கக் கூடாது. தேய்த்தால் ரத்தம் கசிந்து கன்றிப்போகும்.

அவன் முகம் தொங்கிப்போயிற்று. நர்ஸ் ஒரு பஞ்சு உருண்டையில் குத்திக் காட்டித்தான் சொல்லிக்கொடுத்தாளாம். தேய்க்க வேண்டாம் என்று சொல்லியும் இருக்கலாம், தனக்கு ஊசியைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படவில்லை என்றான். இந்த ஒன்பது வாரமும் பாசத்தோடு அவன் கையாலேயே உண்டாக்கிய காயங்கள் அவை.

கோச் அவன் தோளில் தட்டினாள். "போலீஸ் வந்திருந்தா நீ கொஞ்சமாவது ஒத்துக்கிட்டிருக்கணும்," என்றாள். அதற்குத்தான் எல்லாருக்கும் சிரிப்பு வந்தது. அவனுக்கும். அதுவரை என் மனசில் வில்லனாக இருந்தவன் அன்றிலிருந்து எனக்குத் தம்பி.

தேய்ப்பதை நிறுத்தியதும் உள்ளங்கை அகலம் நாணய அளவாகச் சுருங்கிற்று. முழுக்கப் போகவில்லை. அந்த மருந்து அப்படி. இருபதாவது வாரம் நெருங்கியபோது அவள் சிரிப்பதைக் குறைத்துக்கொண்டாள். நாங்கள் யாரும் வாரத்தை எண்ணுவதாகக் காட்டிக்கொள்ளவில்லை. ஒன்பது பேரும் எண்ணினோம். இருபத்திரண்டாவது வாரத்தின் முதல் நாள், குளத்தின் நடுவே நின்று, "இன்னைக்கு எல்லாரும் ஒரு சுற்று கூட," என்றாள். அந்தக் கூடுதல் சுற்றுக்கு ஒருத்தியும் முணுமுணுக்கவில்லை.

இருபத்து நாலாவது வாரத்தில் ஒருநாள், ஏழு மணி பத்து நிமிஷம் ஆகியும் தம்பியைக் காணோம். அவள் கைபேசி அடித்தது. ஊருக்கு நடுவில் இருக்கிற பதினாறு மாடிக் கட்டிடத்தில் லிஃப்ட் இரண்டு தளத்துக்கு இடையே நின்றுவிட்டதாம். உள்ளே ஆறு பேர். ஒருவருக்கு மூச்சிரைப்பு. அவன் பாதி வேலையில் இருக்கிறான், விட்டுவிட்டு வர முடியாது. அவள் பையிலும் ஓர் ஊசி இருந்தது. மாலைக்கு வேண்டியதை அவன் காலையிலேயே அதில் வைத்துவிடுவான்.

மிதவை தானாகவே கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். அவளுக்கு அது பழகிய வேலை. கோச் ஊசியை அவளிடம் நீட்டினாள். மிதவை மூடியைக் கழற்றப் போன நேரத்தில், "குடுங்க," என்று திரும்ப வாங்கிக்கொண்டாள்.

"அவர் வர முடியாத நாள் இன்னும் வரும். நானே போட்டுக்கறேன்."

பெஞ்சில் உட்கார்ந்து, வயிற்றின் பக்கவாட்டில் ஸ்பிரிட்டைத் தடவி, தோலை மடித்துப் பிடித்தாள். ஊசி பிடித்த கை, குளத்துத் தண்ணீரின் வெளிச்சம் சுவரில் ஆடுவதைப் போல ஆடிற்று. ஆழத்தில் தலைகீழாகப் பாய்கிறவள் அரை அங்குல ஊசிக்குக் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

நான் அவள் எதிரே குத்தவைத்து உட்கார்ந்தேன். "கண்ணை மூடாதீங்க கோச். எங்களை மூட விடுவீங்களா?" என்றேன்.

கண்ணைத் திறந்தாள். முறைத்தாள். பிறகு வாயைக் குவித்து, எங்களுக்குச் சொல்லிக்கொடுப்பது போலவே மெதுவாக மூச்சை விட்டாள். மூச்சு முடிகிற இடத்தில் ஊசி உள்ளே போயிருந்தது. மருந்தை அவசரப்படாமல் இறக்கி, பத்து வரை எண்ணி, ஊசியை உருவினாள். தன்னையறியாமல் இடது கை அந்த இடத்தைத் தேய்க்கப் போயிற்று.

"தேய்க்கக் கூடாது," என்றோம் ஒன்பது பேரும் ஒரே குரலில்.

அவனுக்கு உடனே போன் போட்டாள். போட்டுட்டேன் என்ற ஒரு வார்த்தைதான் சொன்னாள். அந்தப் பக்கம் கைதட்டல் கேட்டது. லிஃப்டுக்குள் மாட்டியிருந்தவர்களிடம், தான் ஏன் கடிகாரத்தையே பார்க்கிறேன் என்பதை அவன் கதவிடுக்கு வழியாகச் சொல்லியிருந்தானாம். அந்த ஆறு பேரும், மூச்சிரைப்புக்காரர் உட்பட, வெளியே வருவதற்கு முன்பே கைதட்டிவிட்டார்கள். அதற்கு மறுநாளிலிருந்து காலை ஊசி அவள் கையால்தான். அவன் மட்டும் வந்து நிற்பதை நிறுத்தவில்லை. மஞ்சள் டப்பாவைப் பிடித்துக்கொள்வது தன் வேலை என்றான்.

ஏழாவது மாதம் வயிறு யாருக்கும் மறைக்க முடியாதபடி ஆனதும், அவள் அக்காவுக்குச் செய்தி போயிருக்கிறது. அந்த அம்மாள் ஒருநாள் குளத்துக்கே வந்துவிட்டாள். கெட்டவள் இல்லை. பயந்தவள். தங்கை ஏணியில் ஏறி வருவதைப் பார்த்ததும் அழ ஆரம்பித்து, இந்த ஒரு பிள்ளையையாவது காப்பாற்றிக்கொள், வேலையை விட்டு வீட்டில் படு என்று கெஞ்சினாள். கோச் தலையைத் துவட்டிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். சும்மா படுத்துக் கிடந்தால்தான் தன் ரத்தம் கட்டும், நடமாட்டம் இருந்தால் நல்லது என்று டாக்டர் எழுதிக் கொடுத்ததைச் சொன்னாள். அக்கா கேட்பதாக இல்லை.

"அக்கா, என் ரத்தத்துல இருக்கிற கோளாறை என் தொழில் மேல போடாத," என்றாள் கோச். சத்தமாகச் சொல்லவில்லை. ஆனாலும் கூரையில் முட்டித் திரும்பிற்று.

அக்கா அன்று வருத்தத்தோடுதான் போனாள். அடுத்த வாரம் காலுக்குப் போடுகிற இறுக்கமான காலுறை இரண்டு ஜோடி வாங்கி அனுப்பியிருந்தாள்.

டாக்டரம்மா எல்லாவற்றையும் முன்கூட்டியே திட்டம் போட்டு வைத்திருந்தார். முப்பத்தெட்டு வாரம் முடிந்ததும் வருகிற திங்கட்கிழமை. முந்தின நாள் ஊசியை நிறுத்திவிட்டு, மருந்து கொடுத்து வலியை வரவழைப்பது. வலி தெரியாமலிருக்க முதுகெலும்பில் ஊசி போடலாம், ஆனால் ரத்தம் உறையாமலிருக்கப் போடும் ஊசிக்கும் அதற்கும் நடுவே ஒரு முழுநாள் இடைவெளி வேண்டும். இல்லையென்றால் முதுகுத்தண்டில் ரத்தம் கசிந்துவிடும். ஊசிக்குப் பயந்தவள் அந்த ஒரு ஊசியை மட்டும் ஆசையோடு எதிர்பார்த்தாள்.

விடுப்பில் போன பிறகும் அவள் நடந்தாக வேண்டும். நாங்கள் ஆளுக்கொரு நாளாக முறை வைத்துக்கொண்டு, வகுப்பு முடிந்ததும் அவள் வீட்டுக்குப் போய் அவளோடு நடப்போம். அந்த வெள்ளிக்கிழமை என் முறை. எனக்கு மாலைதான் பணி. எட்டரை மணிக்கு அவள் வீட்டுத் தெருவைத் தாண்டி, சலவைக் கடை முனையில் திரும்பியபோது, பேசிக்கொண்டே வந்தவள் பாதி வார்த்தையில் நின்று சுவரைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு நிமிஷம் பொறுத்து நிமிர்ந்தாள். தரை ஈரமாகியிருந்தது.

"திங்கட்கிழமை வரைக்கும் பிள்ளை காத்திருக்காது போல," என்றாள். "மணி என்னக்கா?"

எட்டு நாற்பது. ஏழே காலுக்கு ஊசி போட்டிருக்கிறாள். எனக்கு அப்போதுதான் அது உறைத்தது. அவளுக்கு என்னை முந்தி உறைத்திருக்க வேண்டும். அதைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் டாக்சியைக் கைகாட்டி நிறுத்தினாள். தம்பிக்கு நான் போன் செய்தேன். அவன் ஊரின் மறுகோடியில் ஒரு லிஃப்டின் மேல் நின்றுகொண்டிருந்தான்.

மருத்துவமனையில் டாக்டரம்மா இன்னும் வரவில்லை. பிரசவ வார்டில் பணியில் இருந்தவர் ரொம்ப இளம் வயது டாக்டர். ராத்திரிப் பணி முடியப்போகிற களைப்பு முகத்தில். கோப்பு எங்கேயோ இருக்கிறது, தேடுகிறோம் என்றார்கள். நான் சண்டை போட வாயைத் திறப்பதற்குள் கோச் மேஜையைப் பிடித்துக்கொண்டு பேச ஆரம்பித்தாள்.

"முப்பத்தேழு வாரம், அஞ்சு நாள். மூணாவது கரு. எனக்கு ரத்தம் சீக்கிரம் உறையற கோளாறு இருக்கு." நோயின் முழுப் பெயரையும் தடுக்காமல் சொன்னாள். "ரெண்டு வருஷம் முன்னாடி இடது கால்ல கட்டி. உறையாம இருக்கற ஊசி எண்பது மில்லிகிராம், ரெண்டு வேளை. கடைசியாப் போட்டது இன்னைக்குக் காலையில ஏழே கால், வயித்துக்கு வலது பக்கம். அதனால முதுகுல ஊசி போடக் கூடாது. எனக்கு வலிச்சு நானே கேட்டாலும் போடாதீங்க. ஒருவேளை ரத்தம் நிக்கலைன்னா மாத்து மருந்து என்னன்னு என் டாக்டர் எழுதிக் குடுத்திருக்காங்க, இதோ தாள். ஏத்தறதுக்கு ரத்தமும் தயாரா வைக்கச் சொல்லியிருக்காங்க."

அந்த நேரம் அடுத்த வலி வந்துவிட்டது. தாளை நீட்டிய கையை மடக்காமலே அதைப் பொறுத்துக்கொண்டாள்.

இருபத்தெட்டு வருஷத்தில் எத்தனை ஆயிரம் பயணிகளிடம் விவரம் கேட்டிருக்கிறேன். பெட்டி எண் தெரியாது, இறங்குகிற ஊர் தெரியாது, டிக்கெட் அவரிடம் இருக்கிறது, இவரிடம் இருக்கிறது என்று தடுமாறுவார்கள். இப்படி நின்று, இப்படிச் சொன்ன ஒரு மனுஷியை நான் பார்த்ததில்லை. அந்த டாக்டர் களைப்பெல்லாம் பறந்துபோய் நேராக நிமிர்ந்து உட்கார்ந்து எழுதினார். எழுதியதை அவளுக்கே திரும்ப வாசித்துக் காட்டினார். நான் யாரோ ஒருத்தியின் அம்மாவைப் போல அந்த இடத்தில் நின்றேன். உண்மையில் நான் அவளிடம் இன்னும் ஒழுங்காக மூச்சு விடக் கற்றுக்கொள்ளாத மாணவி.

தம்பி வந்து சேரும் வரை ஒரு மணி நேரம் நான்தான் உள்ளே இருந்தேன். அந்த வலியை நான் வர்ணிக்கப் போவதில்லை. ஒருமுறை அவள் முதுகு ஊசியைக் கேட்டாள். அவளே சொல்லியிருந்தபடி யாரும் போடவில்லை. அடுத்த வலிக்கு முன்னால் என்னைப் பார்த்து, "கேட்டேனா?" என்றாள். கேட்டீங்க என்றேன். "மானம் போச்சு," என்றாள். நர்ஸ் சிரித்துவிட்டாள். பத்து மணிக்கு டாக்டரம்மா வந்தார். அவர் பின்னாலேயே தம்பி, முழங்கை வரை கழுவிய கையோடு. நான் வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். வகுப்பிலிருந்து நாலு பேர் அதற்குள் வந்திருந்தார்கள். நீங்கள் எல்லாம் நோயாளிக்கு என்ன உறவு என்று காவலாளி கேட்டதற்கு, மிதவை அசராமல், "நாங்க அவங்க பிள்ளைங்க," என்றாள். அவளுக்கு வயது ஐம்பத்தைந்து.

மூன்று மணி நாற்பதுக்குப் பெண் பிள்ளை. இரண்டு கிலோ அறுநூறு. பிள்ளை அழுத சத்தம் கதவைத் தாண்டி வந்தது. அதற்குப் பிறகு கால் மணி நேரம் யாரும் வெளியே வரவில்லை. ஒரு நர்ஸ் ஓடினாள், ரத்தப் பையோடு திரும்பினாள். எங்களில் ஒருத்தி மிதவையின் கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்தது. நஞ்சுக்கொடி வெளியே வந்த பிறகு எதிர்பார்த்ததைவிட அதிகமாக ரத்தம் போயிருக்கிறது. ஆனால் மாற்று மருந்து, ரத்தம், ஆட்கள், எல்லாம் காலையிலிருந்தே தயாராக இருந்ததால் பத்து நிமிஷத்தில் கட்டுக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். இதைச் சொன்னது அந்த இளம் டாக்டர். அவருடைய பணி நேரம் எப்போதோ முடிந்திருந்தது, வீட்டுக்குப் போகாமல் இருந்திருக்கிறார்.

"காலையில அவங்க மட்டும் அப்படித் தெளிவாச் சொல்லலைன்னா நாங்க கோப்பு தேடிக்கிட்டிருந்திருப்போம்," என்றார். என் உச்சி குளிர்ந்துவிட்டது. என் சொந்தப் பிள்ளை முதல் மதிப்பெண் வாங்கிய அன்றுகூட நான் காலரை இப்படித் தூக்கி விட்டுக்கொண்டதில்லை. மாலைப் பணிக்குப் போன ரயிலில் மூன்று பெட்டிக்கு இந்தக் கதையைச் சொன்னேன்.

மறுநாள் காலையில் பார்க்கப் போனபோது அவள் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து ஊசி போட்டுக்கொண்டிருந்தாள். பிள்ளை அப்பாவின் கையில். மஞ்சள் டப்பாவைப் பிடிக்க ஆள் இல்லாததால் அந்த வேலை எனக்கு வந்தது. இன்னும் ஆறு வாரம் ஊசி, அதற்குப் பிறகு மாத்திரை. மாத்திரை ஆயுசுக்கும் உண்டு. இது குணமாகிற வியாதி இல்லை, கூடவே வைத்துக்கொண்டு வாழ்கிற வியாதி என்பதை அவள் எங்களுக்கு நீச்சல் சொல்லிக்கொடுக்கிற தொனியிலேயே சொன்னாள்.

நாலு மாதம் கழித்து குளத்துக்குத் திரும்பினாள். நான் இப்போது ஒரு நீளம் முழுக்க நீந்துவேன். வகுப்பில் பதினாலு பேர் ஆகிவிட்டோம். டாக்டரம்மா அவளிடம் ஓர் உதவி கேட்டிருக்கிறார். இதே கோளாறு என்று புதிதாகத் தெரிந்துகொண்ட பெண்கள் சிலர் அவரிடம் வருகிறார்கள். புதன்கிழமைகளில் அரைமணி நேரம் அவர்களோடு உட்கார்ந்து பேச முடியுமா என்று. அவள் முதலில் தயங்கினாள். யாருக்கும் வாயைத் திறக்காமல் இருந்தவள் அல்லவா. பிறகு, சரி என்றாள்.

முதல் புதன்கிழமை துணைக்கு நானும் போனேன். உள்ளே மூன்று பெண்கள், ஒருத்தியின் புருஷன். நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே உட்கார்ந்தேன். கதவைச் சாத்த வேண்டாம் என்றார் டாக்டரம்மா. எத்தனை பிள்ளைகள் என்று உள்ளே யாரோ அவளை மெல்லக் கேட்டார்கள்.

"மூணு," என்றாள் கோச். "ரெண்டு போயிடுச்சு, ஒண்ணு வெளியில உக்காந்திருக்கு. மூணும் என் பிள்ளைங்கதான். சொல்லுங்க, உங்களுக்கு எதை முதல்ல பேசணும்?"

பிள்ளை என் மூக்குக்கண்ணாடியைப் பிடித்து இழுத்தது. நான் விட்டுக்கொடுத்தேன். உள்ளே அந்தப் பெண்களில் ஒருத்தி பேச ஆரம்பித்திருந்தாள்.